ஒன்பதாவது கை

பெப்ரவரி 11, 2025, செவ்வாய்

நிவேதிகா அக்கா எங்களை ஏமாற்றினார். நவம்பரில் நகரசபை நிலத்தில் இருக்கும் பிள்ளைக் காப்பகமான சைல்ட்கெயரின் வாசலில் நின்று, முப்பது தாய் தகப்பன்மாருக்கு முன்னால், "என்ர கை சபையில இருக்கும் வரைக்கும் இந்த இடம் விலைபோகாது" என்று சொன்னபோது அவருக்கு மூன்று மாதம். அவருக்குத் தெரியும். கைதட்டிய எங்களுக்குத்தான் தெரியாது.

இன்றைக்குத்தான் போனில் சொன்னார். மே பதினாறாம் திகதி பிள்ளை கிடைக்குமாம். விற்பனை வாக்கெடுப்பு மே இருபத்தேழு.

எங்கள் நகரசபையில் ஒன்பது கதிரை. சைல்ட்கெயர் நிலத்தை விற்கக்கூடாது என்பவர்கள் ஐந்து பேர், நிவேதிகா அக்காவோடு சேர்த்து. விற்கவேண்டும் என்பவர்கள் மேயரோடு நாலு பேர். நிவேதிகா அக்கா வராவிட்டால் நாலுக்கு நாலு. சமமாக வந்தால் மேயருக்கு இன்னொரு வாக்கு. அவ்வளவுதான் கதை.

அந்தச் சைல்ட்கெயரில் பத்து இடம் எங்களைப் போன்றவர்களுக்கு ஒதுக்கியது. படகில் வந்து, பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசாவில் தொங்கிக்கொண்டு, அரசாங்கத்திடமிருந்து பிள்ளைப் பராமரிப்புக்கு ஒரு சதமும் கிடைக்காதவர்களுக்கு. அந்தப் பத்தில் ஒன்று என் தங்கச்சி தர்சினியின் மகள் அக்சராவுக்கு. மூன்று வயது. அவளை அங்கே விட்டுவிட்டுத்தான் தர்சினி முதியோர் இல்லத்துக் குசினிக்கு வேலைக்குப் போகிறாள். புருஷன் சதீசன் மெல்பேர்னுக்குப் போனவன் போனவன்தான். கேரம் டவுன்ஸ் கோயிலில் யாரோ கண்டார்களாம். கடவுளைப் பார்க்க நேரம் இருக்கிறது அவனுக்கு.

தர்சினியிடம் இன்னும் சொல்லவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் நிவேதிகா அக்கா வீட்டுக் குசினி மேசையில் இருந்து சபைக் கூட்டத் தாள்களை வாசிப்பது என் வேலை. நானூறு பக்கம் வரும். சம்பளம் இல்லை. கவுன்சிலர் வேலைக்கு உதவியாள் தரமாட்டார்கள். பகலில் பிசியோதெரபி செய்கிற மனுஷி நானூறு பக்கத்தை எப்போது வாசிப்பது? அதனால் பாண் தொழிற்சாலையில் மா சுமக்கிற நான் வாசித்து, முக்கியமானதில் கோடு போட்டுக் கொடுக்கிறேன்.

இன்றைக்குத் தாளைத் திறக்கவில்லை.

"நவம்பரில உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

வெங்காயம் வெட்டுவதை அவர் நிறுத்தவில்லை. "சொல்லியிருந்தா அண்டைக்கே என்னைக் கழிச்சு விட்டிருப்பியள். நீதான் முதல் ஆள், யது."

உண்மை. கழித்துத்தான் விட்டிருப்பேன்.

"ஆம்பிளைக் கவுன்சிலருக்குப் பிள்ளை பிறந்தாக் கேக் வெட்டுவினம். அவன்ர வாக்கு என்னாகும் எண்டு ஆராவது கேட்டவையே?"

"அவன் பெறேல்லையே அக்கா."

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவுன்சிலருக்கும் பிள்ளைப்பேற்று விடுப்பு உண்டாம். விடுப்பில் இருந்தால் கதிரை பறிபோகாது. ஆனால் அந்தக் கதிரையில் ஆள் இல்லாவிட்டால் வாக்கும் இல்லை. அவருக்குப் பதிலாக யாரும் கை தூக்க முடியாது.

"நான் வருவன்" என்றார். "பதினொரு நாள் இருக்கு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவன்."

முதல் பிள்ளை. இவருக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் என்ன தெரியும்?

பெப்ரவரி 26, புதன்

சபை விதிகளை முழுக்க வாசித்தேன். கவுன்சிலர் ஒருவர் வீட்டிலிருந்து கமராவில் வந்து வாக்களிக்கலாம். ஆனால் அதற்குச் சபை அனுமதி வேண்டும். அந்த அனுமதியை அந்தந்தக் கூட்டத்தின் தொடக்கத்தில்தான் கேட்கலாம், முன்கூட்டிக் கேட்க முடியாது. அனுமதிக்கு வாக்கெடுப்பு. அந்த வாக்கெடுப்பில் வீட்டில் இருக்கிறவருக்குக் கை இல்லை. ஆக அதுவும் நாலுக்கு நாலு, அதுவும் மேயர்.

போன வருடம் மேயரின் ஆள் ஒருவர் இடுப்பு எலும்பு மாற்றினார். நாலு கூட்டம் கமராவில். கட்டிலில் தலையணையில் சாய்ந்துகொண்டு கை தூக்கினார். ஒருவரும் எதிர்க்கவில்லை. மற்ற எட்டுப் பேரும் ஆதரவு. நிவேதிகா அக்காவும்தான் ஆதரித்தார். பூங்கொத்து வேறு அனுப்பினார்.

இப்போது சபை அலுவலகத்தில் கேட்டால், விதியில் "சுகவீனம்" என்றுதான் இருக்கிறதாம். பிள்ளை பெறுவது சுகவீனம் ஆகுமா என்று மேயர்தான் முடிவு செய்யவேண்டுமாம். விதியை மாற்றலாம். மாற்ற மூன்று மாதத்துக்கு மேல் எடுக்கும். பிள்ளை மூன்று மாதம் பொறுக்காது.

மார்ச் 14, வெள்ளி

எனக்கு வாக்கில்லை. அப்பாவுக்கு வாக்கில்லை. தர்சினிக்கு வாக்கில்லை. மூன்று பேரும் வரி கட்டுகிறோம். எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து இந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு கை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று வளைகாப்பு. நிவேதிகா அக்காவின் கணவர் சித்தார்த் அண்ணா திருச்சிக்காரர். அவருடைய அம்மா கலா அன்ரி பிள்ளைப்பேறு பார்க்க விமானத்தில் வந்து இறங்கி ஒரு கிழமைகூட இல்லை, மண்டபம் முழுக்க அவருடைய குரல்தான். எலுமிச்சை சாதம், புளிச் சாதம், தயிர்ச் சாதம். எங்கள் ஆட்கள் மரக்கறிக்கறி எங்கே என்று தேடிக்கொண்டு திரிந்தார்கள்.

ஆனந்தராஜா அங்கிள் வந்திருந்தார். அவரும் கவுன்சிலர், ஆனால் மேயர் பக்கம். விற்கவேண்டும் என்ற நாலு பேரில் ஒருவர். எண்பதுகளில் வந்தவர். 2013-ல் நாங்கள் தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்தபோது மூன்று கம்பளியும் ஒரு பாண் சுடும் மெஷினும் கொண்டு வந்து தந்தவர். அப்பாவுக்குப் பள்ளிக்கூடம் கழுவும் வேலை எடுத்துக் கொடுத்தவர். போன வருடம் எங்கள் விசாவை மறுபடி பார்க்கச் சொல்லி அமைச்சருக்குப் போன கோப்பில் அவருடைய கடிதம் இருக்கிறது. "இந்தக் குடும்பத்தை எனக்குப் பதினொரு வருடமாகத் தெரியும்" என்று தொடங்கும் கடிதம். எனக்கு அது மனப்பாடம்.

தட்டோடு வந்து நிவேதிகா அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தார். அப்பாவும் நானும் முன்னால்.

"பிள்ளை, அண்டைக்கு நீ கஷ்டப்பட்டு வராதை. உன்ர கதிரை வெறுமையா இருந்தா என்ர கதிரையும் வெறுமையா இருக்கும். நான் எழும்பி வெளியில போய்க் கோப்பி குடிப்பன். நீ இல்லாத நேரம் பாத்து வெல்லுறது ஒரு வெற்றியே?"

நிவேதிகா அக்கா வளையல் கையை வாயில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியது.

"அங்கிள், உண்மையாவோ?"

"பாராளுமன்றங்களில இது வழக்கம்தானே. ஒரு பக்கத்தில ஒராள் நோய், பேறு எண்டு வராட்டி மற்றப் பக்கத்திலயும் ஒராள் ஒதுங்கி நிப்பார். எங்கட சபையில இல்லாட்டி என்ன? நான் தொடங்கி வைக்கிறன்."

அவர் வெளியே போனால் நாலுக்கு மூன்று. நிலம் தப்பும். அக்சரா தப்புவாள்.

கலா அன்ரி தயிர்ச் சாதத்தோடு வந்து, "என்ன எல்லாரும் அழுகாச்சி? வளைகாப்புல அழக் கூடாது, சாப்பிடுங்க" என்றார்.

கை கழுவும் இடத்தில் நிவேதிகா அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "யது, ரெண்டு நாளுக்குள்ள ஒரு ஈமெயில் எழுது. மரியாதையா. மே 27 வாக்கெடுப்பில அவர் பங்குபற்றமாட்டார் எண்டதை ஒரு வரியில உறுதிப்படுத்தச் சொல்லு. சபை ஈமெயிலில வேண்டாம், அதை எல்லாரும் பாக்கலாம், மனுசனுக்குச் சங்கடம். உன்ரயில இருந்து அனுப்பு. ஓம் எண்டு ஒரு சொல் எழுதினாக் காணும்."

நல்ல மனுஷி. கெட்டிக்காரி. பெப்ரவரியில் எழுதியதைக் கிழிக்க வேண்டும் போல இருக்கிறது. கிழிக்க மாட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஈமெயில் எழுதினேன். நாலு வரி. "அன்புள்ள ஆனந்தராஜா அங்கிள், வளைகாப்பில் நீங்கள் சொன்ன சொல்லுக்கு நிவேதிகா அக்காவின் சார்பில் நன்றி. மே 27 விற்பனை வாக்கெடுப்பில் நீங்கள் பங்குபற்றமாட்டீர்கள் என்பதை ஒரு வரியில் உறுதிப்படுத்துங்கள்."

அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே பின்னால் நின்று வாசித்தார்.

"இதென்ன?"

"நிவேதிகா அக்கா கேட்டு எழுதச் சொன்னவா, அப்பா."

"எங்களுக்காகக் கடிதம் எழுதித் தந்த மனுசனிட்ட நாங்கள் திருப்பிக் கடிதம் கேக்கிறதோ? உன்ர சொல்லை நம்பேல்லை எண்டு முகத்துக்கு நேர சொல்லுறதும் இதுவும் ஒண்டுதானே?"

"அவர் அரசியல்வாதி, அப்பா."

"அவர் எங்கட ஆள்."

அப்பா குளிக்கப் போய்விட்டார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்பா சொல்லாத ஒன்றை நானே நினைத்தேன். ஆனந்தராஜா அங்கிள் கோபித்துக்கொண்டு அமைச்சர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால்? "அந்தக் கடிதத்தை நான் திரும்ப எடுக்கிறேன்" என்று ஒரு வரி எழுதினால்?

நாளைக்கு அனுப்புவேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

"அனுப்பினனியோ?" என்று நிவேதிகா அக்கா கேட்டார். "ஓம்" என்றேன். வீட்டுக்குப் போனதும் அனுப்பிவிடலாம் என்றுதான் சொன்னேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அனுப்பவில்லை.

மே 3, சனி

லிட்கம் ஸ்டேஷனில் ரயில் மாறும்போது ஆனந்தராஜா அங்கிளைக் கண்டேன். எதிர்ப் பிளாட்பாரம். கை காட்டினார். நானும் காட்டினேன். பார், எவ்வளவு சாதாரணமாகக் கை காட்டுகிறார். இந்த மனுஷனிடமா கடிதம் கேட்பது?

இப்படித்தான் என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

மே 18, ஞாயிறு

பெண் பிள்ளை. யாமினி என்று பேராம். வெட்டித்தான் எடுத்தார்கள். இருபது மணிநேரம் வலி, பிறகு ஒப்பரேஷன் தியேட்டர். சித்தார்த் அண்ணா அனுப்பிய படத்தில் நிவேதிகா அக்காவின் முகம் வீங்கிக் கிடக்கிறது. தாயும் பிள்ளையும் நலம்.

ஒன்பது நாள் இருக்கிறது.

மே 25, ஞாயிறு

பிள்ளை பார்க்கப் போனேன். நிவேதிகா அக்கா கட்டிலில். எழும்பி இருக்கும்போது ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். தையல்.

"யது, அவர் பதில் எழுதினவரோ? நான் கேக்க மறந்தே போனன். இல்லையெண்டாச் சொல்லு, நான் வாறன். சக்கர நாற்காலி ஒண்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறன். பத்து நிமிஷ ஓட்டம்தானே."

கலா அன்ரி வாசலிலிருந்தே தொடங்கினார். "தையல் காயல, கார்ல ஏறுறாளாம்! மீட்டிங்காவது ஈட்டிங்காவது. கைதானே தூக்கணும்? நான் போய்த் தூக்கிட்டு வர்றேன். ஒரு கை பத்தாதுன்னா ரெண்டு கையும் தூக்கறேன்."

எல்லோரும் சிரித்தோம். நிவேதிகா அக்கா சிரிக்கும்போது வலித்தது, வயிற்றை அமுக்கிக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவில், பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எழுதினவர் அக்கா. ஓம் எண்டு எழுதினவர். நீங்கள் படுங்கோ."

"கடவுளே" என்று தலையணையில் சாய்ந்தார். சக்கர நாற்காலி வேண்டாம் என்று சித்தார்த் அண்ணாவிடம் சொன்னார்.

ஏன் சொன்னேன்? அவர் எப்படியும் சொல் தவறமாட்டார், அதனால் பொய் பொய்யாகாது. செவ்வாய்க்கிழமை இரவு இது பழங்கதை. ஏன் சொன்னனான்? ஏன்டா சொன்னனீ?

மே 28, புதன்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். மறந்தால் மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

நேற்று ஆறு மணிக்குச் சபை. பார்வையாளர் கதிரைகளில் நாற்பது பேர், தர்சினியும் அக்சராவும் முன்வரிசை. அக்சரா சைல்ட்கெயர் தொப்பியைக் கழற்றமாட்டேன் என்று போட்டுக்கொண்டே வந்தாள். நிவேதிகா அக்காவின் கதிரை வெறுமை. பெயர்ப் பலகை மட்டும். ஆனந்தராஜா அங்கிள் தன் கதிரையில் இருந்தார். பதினொராவது விஷயம்தான் விற்பனை. அதற்கு முன்னால் எழும்பிப் போவார், இப்போதே ஏன் போகவேண்டும்?

முதலில் கமரா அனுமதி. எங்கள் பக்கத்து ஒருவர் எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று தீர்மானம் கொண்டு வந்தார். மேயர் ஆதரிப்பவர்களைக் கேட்டார். நாலு கை. எதிர்ப்பவர்களைக் கேட்டார்.

ஆனந்தராஜா அங்கிள் கை தூக்கினார்.

மேயர் தன்னுடைய மற்ற வாக்கையும் போட்டார். தோற்றது. தர்சினி திரும்பி என்னைப் பார்த்தாள். "அது கமராவுக்கு" என்று அவளுக்குச் சொன்னேன். "மற்றதுக்கு வெளியில போவார்."

அப்போது ஆறு இருபது. பதினொராவது விஷயம் வரும்போது எட்டு மணி தாண்டிவிட்டது. ஒரு மணிநேரம் நாற்பது நிமிஷம். பத்து நிமிஷ ஓட்டம். போன் என் கையில் இருந்தது. "அக்கா, வாங்கோ, எனக்குப் பயமா இருக்கு" — இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். அவர் வந்திருப்பார். ஆனால் ஏன் என்று கேட்டிருப்பார். எழுதித் தந்தவர் ஏன் மாறுவார் என்று கேட்டிருப்பார்.

நான் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

எட்டு மணிக்கு ஆனந்தராஜா அங்கிள் எழும்பினார். கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். எனக்கு மூச்சு வந்தது. மூலையில் இருந்த மேசைக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றினார், பிஸ்கட் ஒன்று எடுத்தார், சோசரோடு திரும்பி வந்து இருந்தார்.

விற்க ஆதரிப்பவர்கள்? நாலு கை. எதிர்ப்பவர்கள்? நாலு கை. மேயர் தன் மற்ற வாக்கு எந்தப் பக்கம் என்று சொல்லக்கூட இல்லை. தலையை ஆட்டினார், எழுதிக்கொண்டார்கள். பன்னிரண்டாவது விஷயம், நடைபாதை.

கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன்.

"அங்கிள், கோப்பி குடிக்கப் போவன் எண்டு சொன்னனீங்கள்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியைப் பார்த்தார். "தம்பி, எங்கட பக்கத்தில நாலு பேரும் நிக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டினம். நான் என்ன செய்ய?"

"சொல்லுத் தந்தனீங்கள். எல்லாருக்கும் முன்னால."

"சாப்பாட்டு மேசையில சொன்னதை அவைக்குக் காட்டேலுமே? ஒரு கடிதம், ஒரு ஈமெயில் இருந்திருந்தா, 'இங்க பாருங்கோ, நான் எழுதிக் குடுத்திட்டன், கட்டுப்பட்டிட்டன், என்னை விடுங்கோ' எண்டு சொல்லியிருப்பன். நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. எழுத்தில ஏதும் இருக்கோ?"

காரில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னது உண்மையோ, தப்பிக்கக் கண்டுபிடித்த வழியோ? தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள இனி வழியே இல்லை. அதையும் நான்தான் இல்லாமல் செய்தேன்.

மே 29, வியாழன்

நிவேதிகா அக்காவின் அழைப்பு ஆறு. எடுக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

போனேன். கலா அன்ரி கதவைத் திறந்து, உள்ளே விடாமல் வாசலிலேயே நின்று மெல்லிய குரலில் சொன்னார். இந்த மனுஷிக்கு மெல்லிய குரல் இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

"அன்னைக்கு போன்ல அந்தக் கூட்டத்த நேரடியாக் காட்டுனாங்கல்ல தம்பி, பாத்துட்டே பால் குடுத்துட்டு இருந்தா. அந்த மேயர் விக்கிறத எதிர்க்கிறவங்க யாருன்னு கேட்டான் பாருங்க, இவ கட்டில்ல நிமிந்து உக்காந்து கையத் தூக்கிட்டா. யாருமே இல்லாத ரூம்ல. பிள்ளை அழுது, அப்பவும் இறக்கல."

நான் குசினிக்குள் போனேன். நிவேதிகா அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றார்.

"அவர் எழுதித் தந்ததை எனக்கு அனுப்பு, யது. பேப்பருக்குக் குடுக்கப்போறன். எழுத்தில தந்துபோட்டு மாறினவர் எண்டு ஊர் அறியட்டும்."

"இல்லை, அக்கா."

"என்ன இல்லை?"

"எழுதேல்லை. அவர் எழுதேல்லை. நான் அனுப்பேல்லை."

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மறுபடி தட்டியது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, விசாக் கடிதம், பயம். ஊரில் எல்லோரையும் குறை சொல்லித் திரிந்த நான், கோழை என்ற பேர் எனக்குத்தான் என்று சொன்னேன்.

"நான் வந்திருப்பன்" என்றார் கடைசியில். "தையலோட வந்திருப்பன். உனக்கு அது தெரியும்."

"ஓம்."

"நவம்பரில நான் மறைச்சதை நீ முகத்துக்கு நேர கேட்டனீ. எனக்கு அது பிடிச்சிருந்தது, யது. இவன் ஒருத்தன் நேரா நிப்பான் எண்டு நினைச்சனான்."

கலா அன்ரி கோப்பி கொண்டு வந்து வைத்தார். நிவேதிகா அக்கா பிள்ளையோடு உள்ளே போய் அறைக் கதவைச் சாத்தினார். கோப்பியைக் குடிப்பதா, வைத்துவிட்டுப் போவதா என்று தெரியாமல் குடித்தேன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். மேசையில் அடுத்த கூட்டத்துத் தாள்கள். ஒருவரும் கோடு போடவில்லை.

ஜூன் 27, வெள்ளி

சைல்ட்கெயரில் கடைசி நாள். நான்தான் அக்சராவைக் கூட்டிவரப் போனேன். பிள்ளைகளின் பை கொழுவும் கொக்கிகளில் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு படம். அக்சராவுக்குக் கூக்கபராப் பறவை. அதை உரித்துத் தந்தார்கள், பாதிதான் வந்தது, வால் சுவரிலேயே நின்றுவிட்டது.

"மாமா, வால்?" என்றாள்.

தனியார் இடங்கள் மூன்றில் விசாரித்தேன். தர்சினி முழுநேரம் வேலை செய்து அப்படியே அங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம், மிச்சம் இருக்காது. ஒரு இடத்தில் விசாவைக் கேட்டுவிட்டு, "சிட்டிசன் ஆனதும் வாருங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள் ஒருத்தி. மூஞ்சியைப் பார்.

ஜூலை 6, ஞாயிறு

அப்பா வேலையை விடுகிறார். தர்சினிக்குத்தான் சம்பளம் அதிகம், அப்பாவுக்கு முதுகு வலி, ஆகவே பகலில் அக்சராவை அவர் பார்ப்பார். நியாயமான முடிவுதான். பேச எனக்கு என்ன இருக்கிறது?

பிறகு அப்பா போனை எடுத்து ஆனந்தராஜா அங்கிளுக்கு அடித்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முதல் எடுத்துத் தந்த வேலையை விடுகிறேன், சொல்லாமல் விடுவது முறையில்லை என்று சொன்னார். "நீங்கள் செய்த உதவியை மறக்கமாட்டம் அண்ணை" என்றார். மறுபக்கத்தில் அவர் ஏதோ சொல்ல, அப்பா கதிரையிலிருந்து எழும்பி நின்று, "ஓம், ஓம், சுகமா இருக்கிறம்" என்றார்.

அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, அந்த ஈமெயில் போகவே இல்லை என்று. அனுப்பியும் பலனில்லாமல் போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி நினைத்தும் அண்ணை என்கிறார்.

ஜூலை 23, புதன்

நேற்றுக் கூட்டத்தைப் போனில் பார்த்தேன். நிவேதிகா அக்கா விடுப்பிலிருந்து வந்துவிட்டார். நெஞ்சோடு துணியில் யாமினி. ஒரு தெருவில் மரம் வெட்டுவதா விடுவதா என்று வாக்கெடுப்பு. அவருடைய கை உயர்ந்தது. ஐந்துக்கு நாலு. மரம் தப்பியது.

கமரா விதியை மாற்ற அவர் தீர்மானம் கொண்டுவந்தார். அதுவும் ஐந்துக்கு நாலு. அடுத்த வருடம் நடைமுறைக்கு வருமாம். நிலத்தில் வேலி அடித்துவிட்டார்கள்.

அவருக்குப் பக்கத்தில் தாள்களோடு வேறு ஒரு பெட்டை. ஆரெண்டு தெரியாது.

ஓகஸ்ட் 1, வெள்ளி

இன்று அனுப்பினேன். ஏப்ரல் எட்டாம் திகதி எழுதிய அதே ஈமெயில், நாலு வரி. "மே 27 விற்பனை வாக்கெடுப்பில் நீங்கள் பங்குபற்றமாட்டீர்கள் என்பதை ஒரு வரியில் உறுதிப்படுத்துங்கள்." ஒரு சொல் மாற்றவில்லை.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

பதில் இல்லை. விசாக் கோப்புக்கும் பதில் இல்லை, ஆனால் அதற்குப் பழகிவிட்டோம்.

இன்று அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். அக்சராவுக்குப் பாண் தீத்திக்கொண்டு இருந்தார். தீத்தி முடித்து, வாயைத் துடைத்து, கோப்பையைக் கொண்டுபோய் வைத்தார். "நானும்தானே மறிச்சனான்" என்றார்.

ஓகஸ்ட் 26, செவ்வாய்

இரண்டாவது முறை அனுப்பினேன். இந்த முறை கீழே இரண்டு வரி சேர்த்தேன்.

அங்கிள், இதை நான் ஏப்ரலில் அனுப்பியிருந்தால் ஓம் என்று எழுதியிருப்பீர்களா? ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும், எழுதுங்கள்.